லாமு: கார் ஓடாத சுவாஹிலி தீவு நகரத்துக்குப் போய்வர முழுமையான வழிகாட்டி

கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் பழைய துறைமுக ஊர் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று கிளம்புகிறவர்களில் பலர் சான்சிபாருக்குப் போய்விடுகிறார்கள். சான்சிபார் நல்ல ஊர்தான். ஆனால் ஒரு சுவாஹிலி நகரம் எப்படிக் கட்டப்பட்டது, அதற்குள் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நிதானமாகப் பார்க்க விரும்பினால் கென்யாவின் வடகோடிக் கடற்கரையில் இருக்கும் லாமுவுக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். 700 ஆண்டுகளுக்கும் மேலாக ஆட்கள் விடாமல் வசித்துவரும் ஊர் அது. 2001இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் அங்கே போனால் கண்ணில் படுவது மதரசாவுக்கு ஓடும் பிள்ளைகள், கழுதை மேல் சிமென்ட் மூட்டை, மீனுக்குப் பேரம் பேசும் பெண்கள், தொழுகைக்குப் போகும் கூட்டம். பழைய வீடுகளில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன.

அதனால் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். லாமுவில் 'பார்க்க வேண்டிய இடங்கள்' பட்டியல் ஒரே நாளில் முடிந்துவிடும். ஊர் நம்மைப் பார்த்துப் பழக அதற்கு மேல் சில நாள் வேண்டும். நான்கு இரவுக்குக் குறைவாகத் திட்டம் போடாதீர்கள். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

படி 1: காற்றைப் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

லாமுவில் எல்லாமே காற்றைப் பொறுத்தது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து வீசும் காற்றுக்கு அங்கே 'குசி' என்று பெயர். அதுவே நிலநடுக்கோட்டைத் தாண்டித் திசை திரும்பி நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்றாக வருகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வீசுவது 'கஸ்காசி'. அரேபியாவிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வணிகர்கள் கஸ்காசியில் பாய் விரித்து வந்து, குசி தொடங்கும்வரை காத்திருந்து திரும்பினார்கள். அந்த மாதக்கணக்கான காத்திருப்பில் கல்யாணங்கள் நடந்தன, வீடுகள் எழுந்தன, பள்ளிவாசல்கள் வந்தன. ஆப்பிரிக்க மொழியும் இஸ்லாமும் கடல் வணிகமும் கலந்த சுவாஹிலி ஊர்கள் வளர்ந்தது இப்படித்தான்.

பயணிக்கு இதன் நடைமுறைப் பொருள்: ஏப்ரல், மே மாதங்களில் பெருமழை, பல விடுதிகள் மூடியிருக்கும். நவம்பரில் கொஞ்சம் மழை. ஜூலை முதல் அக்டோபர் தொடக்கம் வரை காற்று குளிர்ச்சியாக, நடப்பதற்கு வசதியாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை வெயில் கூடுதல், கடல் தெளிவு. கிறிஸ்துமஸ், புத்தாண்டு சமயத்தில் அறை விலை ஏறிவிடும்.

இரண்டு விஷயங்களை நிலாக் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். ரமலான் மாதத்தில் பகலில் உணவகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும், ஊரும் மெதுவாகிவிடும். நோன்பு திறந்த பிறகான இரவுகள் அழகு, ஆனால் முதல்முறை போகிறவர்களுக்குச் சிரமம். மற்றது, நபிகள் பிறந்த மாதமான ரபியுல் அவ்வலில் நடக்கும் மௌலிதி விழா. கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஓதுதல், ஊர்வலம், கழுதைப் பந்தயம், படகுப் பந்தயம் எல்லாம் உண்டு. அதற்குப் போக ஆசை என்றால் அறையைப் பல மாதங்களுக்கு முன்பே பிடித்து வையுங்கள்.

படி 2: அனுமதியும் ஊசியும்

2024 ஜனவரி முதல் கென்யா விசா முறையை நிறுத்திவிட்டு, இணையவழிப் பயண அனுமதி முறைக்கு மாறிவிட்டது. இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் புறப்படும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் சுமார் 30 டாலர். விமான டிக்கெட், தங்குமிட விவரம், பாஸ்போர்ட் நகல், போட்டோ கேட்பார்கள். அரசுத் தளம் போலவே தோற்றமளித்துக் கூடுதல் பணம் வாங்கும் இடைத்தரகர் தளங்கள் நிறைய இருக்கின்றன. கென்ய அரசின் தளம்தானா என்று முகவரியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இதைத்தான் நம்மவர்கள் அதிகம் மறக்கிறார்கள். இந்தியாவிலிருந்து நேரே போகிறவரிடம் கென்யா இந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை. ஆனால் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் கேட்பார்கள். இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. இலங்கைக்குத் திரும்புகிறவர்களுக்கும் சான்றிதழ் தேவை. ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும். அதன் பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது என்பதால் டிக்கெட் எடுத்த வாரமே இந்த வேலையைத் தொடங்குங்கள். 60 வயதைத் தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். மலேரியாவும் அந்தக் கடற்கரையில் உண்டு. அதற்கான மாத்திரையையும் அதே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணக் காப்பீடு இல்லாமல் போக வேண்டாம். லாமுவில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் பெரிய அவசரம் என்றால் மொம்பாசாவுக்கோ நைரோபிக்கோ விமானத்தில் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

பெட்டி கட்டும்போது: கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை. மளிகைக்கடைப் பைகளில் துணியைச் சுற்றி எடுத்துப் போகாதீர்கள். மின்சாரம் 240 வோல்ட். செவ்வக முள் மூன்றுள்ள பிரிட்டிஷ் பிளக். இந்தியச் சார்ஜருக்கு அடாப்டர் வேண்டும். தெருவில் கழுதைச் சாணமும் திறந்த சாக்கடையும் இருப்பதால் நல்ல பிடிப்புள்ள செருப்பு, இரவுக்கு ஒரு டார்ச்.

படி 3: போய்ச் சேரும் வழி

நைரோபிக்கு மும்பையிலிருந்து நேரடி விமானம் உண்டு. சென்னை, கொழும்பிலிருந்து புறப்படுகிறவர்கள் துபாய், தோஹா வழியாக வரலாம். நைரோபியிலிருந்து லாமுவுக்கு உள்நாட்டு விமானம். இங்கே கவனிக்க வேண்டியது, நைரோபியில் இரண்டு விமான நிலையங்கள். வெளிநாட்டு விமானம் இறங்குவது ஜோமோ கென்யாட்டாவில். லாமு விமானங்களில் சில அங்கிருந்தும், சில நகரத்தின் இன்னொரு பக்கம் இருக்கும் வில்சனிலிருந்தும் கிளம்புகின்றன. டிக்கெட்டில் எது என்று பாருங்கள். வில்சன் என்றால் நைரோபியின் போக்குவரத்து நெரிசலை மனத்தில் வைத்து, ஒரு இரவு நைரோபியில் தங்கிவிட்டு மறுநாள் போவது நிம்மதி. வில்சனிலிருந்து பறக்கும் சிறிய விமானங்களில் 15 கிலோவுக்கு மேல் விடமாட்டார்கள். கெட்டியான சூட்கேஸைவிடத் துணிப்பையைத்தான் விரும்புவார்கள்.

விமானம் இறங்குவது லாமுவில் அல்ல, எதிரே உள்ள மண்டா தீவில். வெளியே வந்ததும் சில நிமிட நடையில் படகுத்துறை. அங்கிருந்து படகில் கால்வாயைக் கடந்தால் ஊர். விடுதிக்காரரிடம் முன்பே சொல்லிவைத்தால் பெயர் எழுதிய அட்டையோடு ஆள் வந்து நிற்பார். முதல்முறை போகிறவர்கள் இந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள். துறையில் பைகளைத் தூக்க நாலு பேர் ஒரே நேரத்தில் கை நீட்டும்போது அது உதவும்.

மொம்பாசாவிலிருந்து மலிந்தி வழியாகச் சாலையில் மொக்கோவே வரை வந்து படகு ஏறும் வழியும் உண்டு. செலவு குறைவு, உள்ளூர் மக்கள் தினமும் போகிறார்கள். ஆனாலும் வெளிநாட்டுப் பயணிக்கு அதை நான் சொல்லமாட்டேன். லாமு மாவட்டம் சோமாலியா எல்லையைத் தொட்டுக் கிடக்கிறது. 2014இல் நிலப்பகுதியில் இருக்கும் ம்பெகெட்டோனியில் நடந்த தாக்குதலில் பலர் உயிரிழந்தார்கள். அந்தச் சாலையிலும் தாக்குதல்கள் நடந்திருக்கின்றன. 2011இல் கிவாயுவிலும் மண்டாவிலும் வெளிநாட்டவர் கடத்தப்பட்டார்கள். அதன் பிறகு தீவுகளில் பாதுகாப்பு கூடியிருக்கிறது. பயணிகளும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். டிக்கெட் எடுக்கும் முன்பும், கிளம்பும் முந்தைய வாரமும் உங்கள் அரசின் பயண அறிவுரையைப் படியுங்கள். விமானத்தில் போங்கள், லாமு, அதன் தெற்கே உள்ள ஷேலா கிராமம், அருகிலுள்ள மண்டாவோடு நின்றுகொள்ளுங்கள், வடக்கே கிவாயு பக்கம் போக வேண்டாம். காப்பீட்டு நிறுவனமும் அரசு அறிவுரையைப் பார்த்துத்தான் பணம் தரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 4: எங்கே தங்குவது

இரண்டு தேர்வுகள். பழைய நகரத்துக்குள், அல்லது 3 கிலோமீட்டர் தெற்கே கடற்கரை மணலோடு இருக்கும் ஷேலா கிராமத்தில். ஷேலா சுத்தம், அமைதி, விலை கூடுதல். ஐரோப்பியர்கள் வாங்கிப் புதுப்பித்த வீடுகள் நிறைய. கடலில் குளிக்க ஆசை இருந்தால் அங்கே போகலாம். ஆனால் முதல் இரண்டு மூன்று இரவாவது பழைய நகரத்தில் தங்குங்கள். விடியற்காலையில் ஊர் விழிப்பதையும் இரவு தெருக்கள் அடங்குவதையும் பகலில் வந்து திரும்பும் பயணி பார்ப்பதே இல்லை.

பழைய வீடுகள் பல விடுதிகளாக மாறியிருக்கின்றன. நடுமுற்றம், மேலே ஓலை வேய்ந்த மொட்டைமாடி, அதில் கடல் காற்று. அறை பிடிக்கும்போது மேல்தளம் கேளுங்கள். கீழே புழுக்கமாக இருக்கும். கொசுவலை, மின்விசிறி, மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் உண்டா என்று விசாரியுங்கள். ஊரில் பள்ளிவாசல்கள் அதிகம் என்பதால் எந்த அறையில் படுத்தாலும் சுப்ஹு தொழுகைக்கான அழைப்பு காதில் விழும். அது அந்த ஊரின் காலை. அதைக் குறையாக விமர்சனத்தில் எழுதும் பயணிகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

படி 5: முதல் நாள், தெருவில்

முதல் நாள் காலை 7 மணிக்கு வெயில் ஏறும் முன் இறங்கி நடங்கள். ஊரின் அமைப்பு எளிது. கடலோரச் சாலை ஒன்று. அதற்கு இணையாக உள்ளே ஒரு நீண்ட கடைவீதி. அதிலிருந்து மேட்டை நோக்கி ஏறும் சந்துகள். வழி தவறினால் சரிவில் இறங்குங்கள், கடல் வந்துவிடும். சந்துகள் இரண்டு கழுதைகள் ஒதுங்கிப் போகும் அகலம்தான். கார் நுழைய வழியே இல்லை. எதிரே கழுதை வந்தால் நாம்தான் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும்.

வடக்குப் பாதி ம்கோமனி. பழைய வணிகக் குடும்பங்களின் கல்வீடுகள் இங்கே. தெற்குப் பாதி லங்கோனி. பின்னால் வந்தவர்கள், கடைக்காரர்கள், மண் சுவரும் ஓலைக் கூரையுமாய் இருந்த வீடுகள். இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பார்த்தபடி நடங்கள்.

ம்கோமனி வீடு வெளியிலிருந்து ஒன்றும் காட்டாது. பவளக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த கனத்த சுவர், ஜன்னல் குறைவு. வாசலில் 'டாகா' என்ற சின்ன மண்டபம், இரு பக்கமும் கல் இருக்கை. 'பராசா' என்கிறார்கள், நம் ஊர்த் திண்ணையேதான். விருந்தாளியை முதலில் உட்காரவைப்பதும், பெரியவர்கள் பஞ்சாயத்துப் பேசுவதும், சரக்குக் கணக்கு முடிப்பதும் அங்கே. வீட்டுப் பெண்கள் தெருவில் இறங்காமல் பக்கத்து வீட்டுக்குப் போக, மாடிகளை இணைத்துச் சந்துக்கு மேலே கட்டிய பாலங்களுக்கு 'விகியோ' என்று பெயர். தலையைத் தூக்கிப் பார்த்தால் சில இன்னும் இருக்கின்றன.

உள்ளே போனால் அறைகள் நீளமாக, ஆனால் குறுகலாக இருப்பதைக் காண்பீர்கள். அதற்குக் காரணம் மரம். கூரையைத் தாங்குவது 'பொரிட்டி' எனப்படும் அலையாத்திக் கம்புகள். அவை 3 மீட்டருக்கு மேல் பாரம் தாங்காது. அதனால் அறையின் அகலமும் அதோடு நின்றுவிட்டது. அரேபிய வளைகுடா நாடுகளின் பழைய வீடுகளுக்கும் இதே கம்புகள்தாம் லாமுவிலிருந்து கப்பலேறின. வீட்டின் ஆக உள் அறையில் சுவர் முழுவதும் சாந்தில் செதுக்கிய வரிசை வரிசையான மாடக்குழிகள் இருக்கும். 'சிதாகா' என்பார்கள். சீனப் பீங்கான் தட்டுகளும் குர்ஆன் பிரதிகளும் அவற்றில் இருந்தன. வெளியே எளிமை, உள்ளே செல்வம் என்பது அந்த ஊரின் நாகரிகம். தனியார் வீடுகளுக்குள் நுழைய முடியாதல்லவா. அதற்காகவே 18ஆம் நூற்றாண்டு வீடு ஒன்றை 'சுவாஹிலி வீடு' அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஊரில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் இதற்குப் போங்கள்.

இந்த அழகுக்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொண்டு நடக்க வேண்டும். ம்கோமனியின் செல்வம் நிலப்பகுதித் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பில் வந்தது. கென்யக் கடற்கரையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1907இல்தான். அதற்குள் மொம்பாசாவிலிருந்து ரயில் போட்டாயிற்று. வணிகம் அங்கே போய்விட்டது. லாமு வறுமையில் ஒதுங்கியது. இடித்துப் புதிதாகக் கட்டப் பணமில்லாமல் போனதும் பழைய ஊர் இன்றுவரை நிற்பதற்கு ஒரு காரணம்.

லங்கோனியில் இருக்கும் ரியாதா பள்ளிவாசலின் கதை இதன் தொடர்ச்சி. கொமோரோ தீவுகளிலிருந்து வந்த ஹபீப் சாலிஹ் என்ற அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை நிறுவினார். மேட்டுக்குடிக்கு மட்டுமென்று இருந்த மார்க்கக் கல்வியை, அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளுக்கும் அவர் கொடுத்தார். மௌலிதி விழா இன்று இவ்வளவு பெரிதாக நடப்பது அவர் தொடங்கி வைத்ததால். வெளியிலிருந்து பாருங்கள், முஸ்லிம் அல்லாதவர்கள் அழைக்கப்படாமல் எந்தப் பள்ளிவாசலுக்குள்ளும் போக வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர் நடுவே உள்ள கோட்டை, ஷேலா போரில் அண்டைத் தீவான பாட்டேயின் படைகளையும் மொம்பாசாப் படைகளையும் லாமு தோற்கடித்ததை ஒட்டி எழுந்து 1820களின் தொடக்கத்தில் முடிந்தது. 1984 வரை சிறை. இப்போது நூலகமும் கண்காட்சியும். அதன் முன்னுள்ள சதுக்கத்து மரநிழலில் உட்கார்ந்தால் ஊர் முழுவதும் கடந்துபோகும். பக்கத்திலேயே சந்தை. கடலோர லாமு அருங்காட்சியகத்தில் 'சிவா' என்ற பெரிய ஊதுகொம்புகளைத் தவறவிடாதீர்கள். அரச குடும்பச் சடங்குகளில் ஊதியவை. 1888இல் திறந்து 1891இல் மூடிய ஜெர்மன் தபால் நிலையம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். வடக்கே, கடலோரத்தில், 1987இல் தொடங்கிய கழுதைக் காப்பகம். நோயுற்ற கழுதைகளுக்கு இலவச வைத்தியம் செய்கிறார்கள். ஊரின் பாரம் முழுவதையும் சுமக்கிற பிராணிகள் அவை. முடிந்த நன்கொடை கொடுங்கள்.

முதல் நாள் வழிகாட்டி ஒருவரை அமர்த்துவது நல்லது. உரிம அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், நேரத்தையும் தொகையையும் நடக்கத் தொடங்கும் முன்பே பேசி முடியுங்கள். கடலோரத்தில் 'நண்பரே' என்று ஒட்டிக்கொள்ளும் இளைஞர்கள் உண்டு. கோபப்பட வேண்டாம், வேலை கிடைக்காத பிள்ளைகள். 'ஹபனா, அசாந்தே' (வேண்டாம், நன்றி) என்று சிரித்தபடி ஒருமுறை சொன்னால் போதும்.

படி 6: விருந்தாளியாக இருக்கும் முறை

தோளும் முழங்காலும் மறையும் உடை, ஆண்களுக்கும்தான். நீச்சலுடை ஷேலா கடற்கரையில் மட்டும். பெண்களைப் படம் எடுக்காதீர்கள். ஆண்களையும் கேட்டுவிட்டே எடுங்கள். காவல்துறை, ராணுவம், துறைமுகம் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். மது சில விடுதிகளில் மட்டுமே கிடைக்கும். தெருவில் குடிப்பது பெரிய அவமதிப்பு.

அங்கே வணக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால் மரியாதைக் குறைவு. விலை கேட்கும் முன்பும் வழி கேட்கும் முன்பும் நலம் விசாரிக்க வேண்டும். பொதுவாக 'ஹுஜாம்போ'. வயதில் பெரியவர் என்றால் 'ஷிகமோ'. அவர் 'மரஹபா' என்று பதில் சொல்வார், முகமும் மலரும். யார் வீட்டு வாசலிலும் 'ஹோடி' என்று குரல் கொடுத்து, 'கரிபு' என்று வந்த பிறகே உள்ளே கால் வையுங்கள்.

நேரம் பேசும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். சுவாஹிலி மணிக்கணக்கு சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறது. நம் காலை 7 மணி அவர்களுக்கு முதல் மணி. நம் 10 மணி அவர்களுக்கு 4. படகுக்காரர் 'நாலு மணிக்கு வாருங்கள்' என்றால் எந்தக் கணக்கு என்று கேட்டு, கைக்கடிகாரத்தைக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

பணம்: கடலோரச் சாலையில் ஏடிஎம் உண்டு, ஆனால் அது எப்போதும் வேலை செய்யும் என்று நம்பாமல் நைரோபியிலேயே கென்ய ஷில்லிங்கைக் கொஞ்சம் சில்லறையாக எடுத்து வாருங்கள். உள்ளூர் சிம் வாங்கினால் எம்-பெசா தொடங்கலாம். 2007இல் கென்யாவில் பிறந்த கைபேசிப் பணமுறை அது. தேங்காய்க்காரர் வரை வாங்கிக்கொள்வார்.

படி 7: சாப்பாடு

தேங்காய்ப்பால், ஏலக்காய், புளி, இஞ்சி, மிளகாய். பொருட்கள் நமக்குப் பழகியவை, கைப்பக்குவம் வேறு. காலையில் 'மஹம்ரி'யில் தொடங்குங்கள். தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து முக்கோணமாகப் பொரித்த, உள்ளே காற்றடைத்த ரொட்டி. தொட்டுக்கொள்ள 'ம்பாசி', முழுத் துவரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தது. சைவக்காரர்களுக்கு இதைவிட நல்ல காலை உணவு அந்தக் கடற்கரையில் இல்லை. பெரிய விடுதிகளைவிடக் கடைவீதியில் பெண்கள் சுடச்சுட விற்பதுதான் ருசி. 9 மணிக்குள் தீர்ந்துவிடும்.

மதியத்துக்குத் தேங்காய்ச் சோறு 'வாலி வா நாசி', அதோடு ம்சிச்சா கீரை, அவரை வகைகள். ம்சிச்சா நம் முளைக்கீரை, தண்டுக்கீரை இனம். மீன் சாப்பிடுகிறவர்கள் 'சமாகி வா குபாகா' கேட்க வேண்டும்: கரியில் சுட்ட மீன்மேல் தேங்காய்ப்பால், புளிச் சாந்தைத் தடவித் தடவி வாட்டியது. வெள்ளிக்கிழமையும் கல்யாண நாட்களிலும் பிரியாணி, பிலாவு. மாலையில் தெருவோரத்தில் மாவில் தோய்த்துப் பொரித்த உருளைக்கிழங்கு, சம்பூசா. புளிச்சாறு, மாம்பழச்சாறு நன்றாக இருக்கும். ஐஸ் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், குழாய்த் தண்ணீரையும் குடிக்க வேண்டாம். இரவில் பித்தளைக் கூஜாவோடு வரும் காப்பிக்காரரிடம் சின்னக் கோப்பையில் இஞ்சிக் காப்பி வாங்கிப் பராசாவில் உட்காருங்கள். ஊர்ப் பெரியவர்களோடு பேச்சு தொடங்க அதைவிட நல்ல இடம் இல்லை.

சைவம் என்றால் இறைச்சி இல்லை என்று மட்டும் புரிந்துகொண்டு மீன் வைத்துவிடுவார்கள். 'பிலா ந்யாமா, பிலா சமாகி' (இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம்) என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 8: தண்ணீரில் ஒரு நாள்

படகில் ஏறாமல் லாமு முழுமையாகாது. முக்கோணப் பாய் கட்டிய டவ் படகுகள் துறையில் வரிசையாக நிற்கும். விடுதிக்காரர் பரிந்துரைக்கும் படகோட்டியோடு போங்கள். மொத்தத் தொகை, எத்தனை மணி நேரம், சாப்பாடு உண்டா என்று முன்பே பேசுங்கள். எல்லாருக்கும் உயிர்காப்பு உடை இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பாதிப் பணம் இறங்கிய பிறகு.

நான் முதலில் சொல்வது மண்டா தீவின் தக்வா. 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்து கைவிடப்பட்ட ஊர். பள்ளிவாசலும் வீட்டுச் சுவர்களும் பெரும் பாவோபாப் மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. தூண் எழுப்பிய கல்லறை ஒன்றில் 1681-82க்கு இணையான ஹிஜ்ரி ஆண்டு பொறித்திருக்கிறது. ஷேலா மக்கள் தங்கள் முன்னோர் இங்கிருந்து வந்தவர்கள் என்று சொல்லி, மழைக்காக வேண்ட இன்றும் வருகிறார்கள். அலையாத்திக் காட்டுக் கால்வாய் வழியே போக வேண்டும். கடல் ஏறியிருக்கும்போது மட்டும்தான் படகு நுழையும். ஆகவே எந்த நாள் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், நேரத்தைப் படகோட்டி முடிவு செய்யட்டும்.

இன்னொரு அரை நாள், தீவின் மேற்கே மடோண்டோனி. வரைபடம் இல்லாமல் கண்ணளவில் படகு கட்டும் தச்சர்களின் கிராமம். பாட்டே தீவும் அங்குள்ள சியு கோட்டையும் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களை இழுக்கும். தூரம் அதிகம், பாதுகாப்பு நிலையை உள்ளூரில் விசாரித்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வடக்கே திரும்பினால் மண்டா விரிகுடாவில் 2021இல் முதல் தளம் திறந்த புதிய பெருந்துறைமுகம். மீன்பிடித் தளங்கள் போனதாக லாமு மீனவர்கள் வழக்குப் போட்டார்கள். அருகில் வரவிருந்த நிலக்கரி மின்நிலையத்தை ஊர்மக்கள் எதிர்த்து, 2019இல் சுற்றுச்சூழல் தீர்ப்பாயத்தில் அதன் உரிமத்தை ரத்து செய்யவைத்தார்கள். படகோட்டியிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். எந்தப் பலகையிலும் எழுதாத செய்தி அவரிடம் கிடைக்கும்.

ஷேலாவுக்குக் கடலோரமாக நடந்தால் முக்கால் மணி நேரம். கடல் ஏறும்போது பாதையில் சில இடங்கள் மூழ்கும். திரும்புவதற்குப் படகு எடுங்கள். 1829ஆம் ஆண்டு வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலின் கூம்பு வடிவ மினாரைப் பார்த்துவிட்டு, கிராமத்தைத் தாண்டினால் 12 கிலோமீட்டர் நீள மணற்கரை. பின்னால் மணல்மேடுகள். லாமுவின் குடிநீர் அந்த மேடுகளுக்கு அடியில்தான் ஊறுகிறது, அதனால் குப்பை போடாதீர்கள், மேட்டைச் சிதைக்காதீர்கள். திறந்த கடல் பக்கம் இழுவை உண்டு. ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்திலேயே குளியுங்கள், இருட்டும் முன் கிராமத்துக்குத் திரும்புங்கள்.

படி 9: வாங்குவதும் திரும்புவதும்

வாங்கத் தகுந்தவை: கையால் பூவேலை செய்த 'கோஃபியா' தொப்பி, பழைய பாய்த்துணியில் தைத்த பைகள், கிகோய் வேட்டி, செதுக்கிய சிறு மரப்பெட்டி, உடைந்த பீங்கான் துண்டுகளை வெள்ளியில் பதித்த பதக்கங்கள். கோஃபியாவின் விலை அதிகமாகத் தோன்றும். நல்ல தொப்பி ஒன்றைத் தைக்க வாரக்கணக்கில் ஆகும், ஒரேயடியாகக் குறைத்துக் கேட்காதீர்கள். சங்கு, பவளம், ஆமை ஓடு எதையும், 'பழைய கதவுத் துண்டு' என்று காட்டுவதையும் வாங்க வேண்டாம். முதலாவது சட்டச் சிக்கல். இரண்டாவது, ஊரைத் துண்டு துண்டாக வெளியே கொண்டுபோகும் வேலை.

திரும்பும் நாளில் லாமு விமானத்துக்கும் நைரோபியின் வெளிநாட்டு விமானத்துக்கும் நடுவே குறைந்தது அரை நாள் விடுங்கள். மழை நாட்களில் சிறு விமானங்கள் தாமதமாகும். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழைப் பெட்டிக்குள் போடாமல் பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வையுங்கள். ஊர் திரும்பிய பிறகு சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், கென்யா போய்வந்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லி, மலேரியாப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள்.